விலையில்லா லேப்டாப்பும் கட்டற்ற மென்பொருளும்

இன்னைக்கு நாம பேசப்போறது அரசாங்க டெண்டர் பத்தி. ஹெட்செட்டைக் கழட்டிடாதீங்க, இதுல நான் செஞ்ச ரெண்டு தப்பு இருக்கு.

முதல் தப்பு, 2014ல. நான் அப்போ பன்னிரண்டாம் வகுப்பு. அரசுப் பள்ளியில விலையில்லா லேப்டாப் கொடுத்தாங்க. ஆன் பண்ணினா ரெண்டு பேர் வரும்: ஒண்ணு விண்டோஸ், இன்னொண்ணு பாஸ் லினக்ஸ். பாஸ்ங்கிறது மத்திய அரசோட சி-டாக், சென்னையில வச்சு டெபியனை அடிப்படையா எடுத்து உருவாக்கினது. இதெல்லாம் எனக்குப் பின்னாடிதான் தெரியும். பள்ளிக்கூடத்துல ஒரு சார்கூட அதைத் திறந்து காட்டல, அவங்களுக்கும் யாரும் சொல்லிக்கொடுக்கல. ஒரே வாரத்துல பக்கத்து வீட்டு அண்ணன் அந்தப் பார்ட்டிஷனை அழிச்சுக் கொடுத்தார். கேம் போட இடம் வேணும்ல!

அரசு, கட்டற்ற மென்பொருளை என் கையில கொடுத்தது. நான் அழிச்சேன். அதனால "லினக்ஸ் போட்டுட்டா எல்லாம் சரியாயிடும்"னு யாராவது சொன்னா எனக்குச் சிரிப்புதான் வரும்.

அதே காலத்துல பக்கத்துல கேரளாவுல என்ன நடந்தது பாருங்க. 2000களின் தொடக்கத்துல அங்க ஐடி@ஸ்கூல்னு ஒரு திட்டம். ஆரம்பத்துல பாடம் விண்டோஸை வச்சுத்தான் இருந்தது. ஆசிரியர் சங்கமும் ஆர்வலர்களும் எதிர்த்தாங்க. கொஞ்ச வருஷத்துல பாடப்புத்தகம், ஆசிரியர் பயிற்சி, பத்தாம் வகுப்பு செய்முறைத் தேர்வு எல்லாமே கட்டற்ற மென்பொருளுக்கு மாறிடுச்சு. அந்த அமைப்புக்கு இப்போ கைட்னு பேரு. மலையாளத்தோட, பாடத்துக்குத் தேவையான செயலிகளோட தங்களுக்குன்னே ஒரு லினக்ஸ் வெளியிடறாங்க. 2019ல, 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள்ல இது ஓடுது, உரிமத் தொகையில 3,000 கோடி ரூபாய் மிச்சம்னு கணக்கு சொன்னாங்க.

அந்த 3,000 கோடியைத்தான் எல்லாரும் மேற்கோள் காட்டுவாங்க. எனக்கு அதைவிடப் பெரிசாத் தெரியறது, தேர்வுல கேட்டாங்க பாருங்க, அதுதான். மார்க் இருந்தா எந்தப் பிள்ளை அழிக்கும்?

தமிழ்ல நமக்கு ஒரு வசதி இருக்கு. இலவசம் வேற, கட்டற்றது வேற. ஆங்கிலத்துல ரெண்டுக்கும் ஒரே சொல், அதனால முப்பது நாற்பது வருஷமா விளக்கம் சொல்லிட்டே இருக்காங்க. ஆனாலும் நம்ம ஊர் அலுவலகத்துல போய் "கட்டற்ற மென்பொருள்"னு சொன்னா, "ஓ, காசு இல்லாததா, அப்போ யார் சப்போர்ட் பண்ணுவா?"ன்னுதான் கேட்பாங்க. நியாயமான கேள்விதான். பதில் என்னன்னா, காசு இருக்கு. உரிமத்துக்குப் போற காசு, சொல்லிக்கொடுக்கிற ஆளுக்கும் சரிசெய்யற ஆளுக்கும் போகணும்.

இப்போ ரெண்டாவது தப்பு. காலேஜ் முடிச்சு முதல் வேலை ஒரு சின்ன கம்பெனியில. பேர் வேண்டாம். ஒரு அரசுத் துறைக்கு மனுக்களைப் பதிவு செய்யற மென்பொருள் செஞ்சுக் கொடுத்திருந்தோம். ஒப்பந்தம் முடிஞ்சது, துறை வேற ஆளைப் பார்க்கணும்னு நினைச்சது. "எங்க தரவைக் கொடுங்க"ன்னு கேட்டாங்க. ஒப்பந்தத்துல மூலநிரல் பத்தி ஒரு வரி இல்ல, தரவை எந்த வடிவத்துல திருப்பித் தரணும்னும் இல்ல. எங்க மேனேஜர் தரவை எடுத்துக் கொடுக்கிறதுக்குத் தனியா ஒரு கொட்டேஷன் போட்டார். அந்த எக்செல் ஷீட்டைத் தயார் பண்ணினது நான்தான். தொகையைப் பார்த்துட்டு அவங்க பேசாம இன்னும் மூணு வருஷத்துக்கு எங்களோடயே ஒப்பந்தம் போட்டுட்டாங்க. ஆபீஸ்ல கேக் வெட்டினோம்.

உள்ள இருந்தது முதியோர் உதவித்தொகை கேட்டவங்க, பட்டா கேட்டவங்க கொடுத்த மனு. ஜனங்களோட பேப்பரை வச்சு அரசுகிட்டயே பேரம் பேசியிருக்கோம். அன்னைக்கு அப்படித் தோணல. நல்லா கேக் சாப்பிட்டேன்.

பின்னாடி ஒரு கடிதம் படிச்சேன். பெரு நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர் எட்கர் வில்லனுவேவா, அரசு கட்டற்ற மென்பொருள்தான் பயன்படுத்தணும்னு ஒரு மசோதா கொண்டுவந்தார். அங்க இருந்த மைக்ரோசாஃப்ட் மேலாளர் ஆட்சேபிச்சு எழுத, இவர் 2002ல வரிவரியா பதில் எழுதினார். விலை அவரோட முதல் காரணமே இல்ல. குடிமக்களுக்கு அரசுத் தகவல் தடையில்லாம கிடைக்கணும், அந்தத் தரவு எந்த நிறுவனம் இருந்தாலும் போனாலும் நிலைச்சு நிக்கணும், அரசு தன் கணினிக்குள்ள என்ன நடக்குதுன்னு தானே பார்க்க முடியணும். இந்த மூணுதான். யாரும் எதையும் விக்கக் கூடாதுன்னு அவர் சொல்லல. அரசுக்கு விக்கணும்னா இந்த நிபந்தனைன்னுதான் சொன்னார். மசோதா அப்படியே நிறைவேறல. ஆனா என் கொட்டேஷனுக்கு அதுல பதில் இருந்தது.

"மியூனிக் திரும்பிப் போயிடுச்சே?"ன்னு கேட்பீங்க. ஆமா. 2003ல முடிவெடுத்து, 2013 வாக்குல கிட்டத்தட்ட 15,000 கணினியை லினக்ஸுக்கு மாத்தின நகரம், 2017ல விண்டோஸுக்கே திரும்பறதா வாக்களிச்சது. ஒரே ஒரு நகரம் தனக்குன்னு எல்லாத்தையும் தனியா பராமரிக்கிறது கஷ்டம்தான், மறைக்க ஒண்ணுமில்ல. அதே ஜெர்மனியில ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் 2024ல 30,000 கணினிகளை லிப்ரெஆபீஸுக்கு மாத்தறதா அறிவிச்சது. இது எப்படிப் போகுதுன்னு பார்ப்போம்.

நம்ம நாட்டுல கொள்கை இல்லாம இல்ல. 2015லயே மத்திய அரசு வெளியிட்டிருக்கு. டெண்டர்ல திறந்த மூல மென்பொருளையும் பரிசீலிக்கணும்னு கேட்கணும். அதை ஒதுக்கினா, ஏன்னு சப்ளையர் காரணம் எழுதித் தரணும். மத்திய அரசு அலுவலகங்களுக்கு இது பொருந்தும், மாநிலங்கள் விரும்பினா ஏத்துக்கலாம்.

அந்தக் "காரணம்" எழுதின காகிதத்தை நான் இதுவரைக்கும் கண்ணால பார்த்ததில்ல. அதனால பத்து ரூபாய் கட்டி ஒரு மத்திய அரசு அலுவலகத்துக்கு ஆர்டிஐ போட்டிருக்கேன். கடைசியா வாங்கின மென்பொருளுக்கு அந்த விளக்கம் இருந்தா நகல் கொடுங்க, ஒப்பந்தம் முடிஞ்சா தரவு எந்த வடிவத்துல திரும்ப வரும்னு எழுதியிருக்கிற பக்கத்தையும் கொடுங்கன்னு கேட்டிருக்கேன். முப்பது நாள் டைம் இருக்கு. என்ன வந்தாலும் அடுத்த மாசம் இங்கயே படிச்சுக் காட்டறேன்.