தொலைந்து போகும் பொட்டலங்கள்



"லைன் இல்லை" என்று நம் பிள்ளைகள் நாளுக்குப் பத்து முறை கூறுகின்றனர். கைத்தொலைபேசியில் படம் நின்றாலும் அதே சொல். பள்ளிக் கணினி அறையில் பாடம் திறக்காவிட்டாலும் அதே சொல். காய்ச்சல் என்று மட்டும் சொன்னால் மருத்துவர் என்ன மருந்து கொடுப்பார்? எங்கே வலி, எப்போது வலி என்று கேட்கத்தானே செய்வார். இன்று அத்தகைய வலிகளில் ஒன்றைப் பற்றிப் பேசப் போகிறேன். அது வெளியே தொலைபேசிக் கம்பத்தில் வருவதன்று. பள்ளிக் கட்டடத்துக்குள்ளேயே, சர்வருக்கும் சுவிட்சுக்கும் இடையே வருவது.

சர்வர் என்பது பாடங்களையும் பதிவேடுகளையும் வைத்துக்கொண்டு, கேட்கிற கணினிகளுக்கு எடுத்துக் கொடுக்கும் கணினி. சுவிட்ச் என்றதும் விளக்குப் போடும் சுவிட்சை நினைத்துவிட வேண்டாம். வரிசையாகத் துளைகள் உள்ள தட்டையான பெட்டி அது. அறையிலுள்ள எல்லாக் கணினிகளின் கம்பிகளும் அதில் வந்து சேரும். எது யாருக்கு உரியது என்று பார்த்துப் பிரித்து அனுப்புவது அதன் வேலை.

சர்வர் ஒரு படத்தை ஒரே மூட்டையாக அனுப்புவதில்லை. சிறு பொட்டலங்களாகக் கட்டி அனுப்புகிறது. ஒரு பொட்டலத்தில் பொதுவாக 1,500 பைட்டுக்கு மேல் கொள்ளாது. 3 மில்லியன் பைட் உள்ள படம் என்றால் ஏறத்தாழ 2,000 பொட்டலங்கள். செம்பனைக் குலைகளை எண்ணிச் சீட்டு எழுதுவது போல ஒவ்வொரு பொட்டலத்துக்கும் கணக்கு உண்டு. ஒன்று வந்து சேரவில்லை என்றால் மறுபடி அனுப்ப வேண்டும்.

நூற்றில் ஒன்றிரண்டு தொலைந்தால் என்ன குடிமுழுகிப் போகும் என்று நீங்கள் கேட்கலாம். இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. 1986-ஆம் ஆண்டு அமெரிக்காவில், பெர்க்லியில், 400 கஜ தூரமே உள்ள இரண்டு இடங்களுக்கிடையே கணினித் தொடர்பின் வேகம் வினாடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டுக்குச் சரிந்தது. பாதை நெரிசலாக இருக்கும்போதே எல்லாக் கணினிகளும் தொலைந்ததைத் திரும்பத் திரும்ப அனுப்பி நெரிசலைப் பெருக்கிவிட்டன. வான் ஜேக்கப்சன் என்பவர் இதற்கு வழி கண்டு 1988-இல் வெளியிட்டார். பொட்டலம் தொலைந்தால் பாதையில் நெரிசல் என்று கொண்டு, அனுப்புகிற கணினி தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவ்வழி. நல்ல ஏற்பாடுதான். ஆனால் நெரிசலே இல்லாமல் வேறு கோளாறால் பொட்டலம் தொலைந்தாலும் கணினிக்கு அந்த வேறுபாடு தெரியாது. ஃபெடரல் நெடுஞ்சாலை காலியாகக் கிடக்க, நெரிசல் என்று எண்ணி லாரி ஊர்ந்து போவதைப் போல அது ஊர்கிறது.

கிள்ளானுக்கு அப்பால் ஒரு தோட்டப் பள்ளியில் நான் பணியாற்றிய காலத்தில் இது நேர்ந்தது. முப்பது பிள்ளைகள் கணினி அறையில் உட்கார்ந்தால் பாடம் திறக்காது. பழுது பார்ப்பவர் பள்ளி விட்டபின் வந்தார். "பிங்" என்ற சோதனையைச் செய்தார். இது 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்ற அமெரிக்கர் எழுதியது. சிறு பொட்டலத்தை அனுப்பி, அது திரும்புகிறதா என்று எண்ணும். 100 அனுப்பினார், 100-ம் திரும்பின. "சர்வர் பழையது, புதிது வாங்குங்கள்" என்று கூறிப் போய்விட்டார். பெற்றோர் ஆசிரியர் சங்கம் குடும்பத்துக்கு 50 வெள்ளி வசூலிக்கலாம் என்று பேசத் தொடங்கியது. மழை பெய்தால் பால்வெட்டு இல்லை. வெட்டு இல்லாத மாதத்தில் 50 வெள்ளி என்றால் என்ன என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கூட்டத்துக்குப் பழைய மாணவர் ஒருவர் வந்திருந்தார். சைபர்ஜெயாவில் கணினி இணைப்பு வேலை பார்ப்பவர். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "ஐயா, பிள்ளைகள் இருக்கும்போது சோதித்தார்களா?"

மறுநாள் முப்பது பிள்ளைகளையும் ஒரே பாடத்தைத் திறக்கச் சொல்லிவிட்டுப் பிங் அனுப்பினார். 100-இல் 11 திரும்பவில்லை. சர்வரின் கம்பியை மாற்றினார், அதேதான். பழைய கம்பியைத் திரும்பப் போட்டு, சுவிட்சில் வேறு துளையில் செருகினார், அதேதான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றினார் என்பதைக் கவனியுங்கள். பிறகு சுவிட்ச் தானே வைத்திருக்கும் பிழைக் கணக்கைத் திறந்தார். மோதல் என்ற இடத்தில் எண் ஏறிக்கொண்டே இருந்தது.

இதை விளக்க நம் ரயில் பாதையே போதும். கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம் 1886-இல் ரயில் ஓடத் தொடங்கியது. பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வாழ்ந்த பெரியவர்களைக் கேளுங்கள். ஒற்றைப் பாதையில் எதிரே வண்டி இல்லை என்று உறுதி செய்யாமல் வண்டியை விடமாட்டார்கள். இரட்டைப் பாதையில் இந்தக் கவலை இல்லை. கணினிக் கம்பியிலும் இந்த இரு முறைகளும் உண்டு. அந்தச் சர்வரில் யாரோ கையால் "100 வேகம், இரட்டைப் பாதை" என்று அமைத்திருந்தனர். சுவிட்சோ தானாகப் பேசி முடிவு செய்யும் அமைப்பில் இருந்தது. கையால் அமைத்த சர்வர் பேச மறுத்தது. பதில் வராதபோது, விதிப்படி சுவிட்ச் ஒற்றைப் பாதை என்றே கொள்ளும். வண்டிகள் குறைவாக இருந்தவரை தீங்கு தெரியவில்லை. பிள்ளைகள் நிறைந்ததும் சர்வர் எதிர்வண்டியைப் பாராமல் விட்டுக்கொண்டே இருந்தது, சுவிட்ச் மோதல் என்று பாதியில் நிறுத்தியது, பொட்டலங்கள் சிதைந்தன. காலி அறையில் செய்த சோதனை ஏன் தேறியது என்பது இப்போது விளங்கும்.

இரு பக்கமும் தானியங்கி அமைப்புக்கு மாற்றப்பட்டன. முப்பது பிள்ளைகளோடு மறுபடி 100 அனுப்பியதில் 100-ம் திரும்பின. செலவு ஒரு காசும் இல்லை. வசூல் பேச்சும் நின்றது.

எல்லா இடத்திலும் இதுவே காரணமாக இராது. பெரும்பாலும் கம்பிதான். இத்தகைய செப்புக் கம்பி 100 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. கதவிடுக்கில் நசுங்கியிருக்கும், எலி கடித்திருக்கும், முனையிலுள்ள சிறு பிளாஸ்டிக் நாக்கு ஒடிந்து ஆடிக்கொண்டிருக்கும். பச்சை விளக்கு எரிகிறது என்பதால் மட்டும் கம்பி நல்லது என்று நம்பிவிடக் கூடாது. உங்கள் பள்ளியில் புதிய சர்வர் வேண்டும் என்று யாரேனும் கூறினால், அறை நிறைந்திருக்கும்போது சோதித்தீர்களா, கம்பியை மாற்றிப் பார்த்தீர்களா, சுவிட்சின் பிழைக் கணக்கு எவ்வளவு என்று சங்கக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். அந்த எண்ணை ஒரு தாளில் குறித்துவைத்து மறுநாள் மீண்டும் பார்க்கச் சொல்லுங்கள். ஏறியிருந்தால் கோளாறு அந்தத் துளையின் வழியே இன்னும் நடக்கிறது என்று பொருள்.

வீட்டில் கைத்தொலைபேசிக்கு அலை எட்டாதது வேறு கதை. அதில் கோபுரமும் குன்றும் செம்பனை மரங்களும் வருகின்றன. அதை மற்றொரு நாள் பார்ப்போம்.