கடலுக்குப் போகும் பிள்ளைக்கு

(ஆசிரியர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நமது தருமபுரி மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. பெருந்தண்ணீர் என்றால் நம் பிள்ளைகளுக்கு ஒகேனக்கல் காவிரிதான். ஆனாலும் நம் வகுப்பறைகளிலிருந்து கடற்படைக்குச் செல்கிறார்கள். இந்த ஆண்டு என் மகனும் தேர்வாகியிருக்கிறான். அவனுக்கு நான் சொன்னதை உங்களிடமும் சொல்கிறேன். நாளை உங்கள் மாணவர் ஒருவர் யோசனை கேட்டு வரலாம்.

முதலில் விவரம். 2022இல் அறிவிக்கப்பட்ட அக்னிபாத் திட்டத்தில் பணிக்காலம் 4 ஆண்டுகள். முதற்கட்டப் பயிற்சி ஒடிசாவின் ஐ.என்.எஸ். சில்காவில். அங்கே முதல் அணி 2023 மார்ச் 28 அன்று பயிற்சி முடித்தது. அதில் பெண்களும் இருந்தனர். திட்டத்தின்படி, நான்காண்டு முடிவில் நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுவோர் அதிகபட்சம் 25 விழுக்காடு. நால்வரில் மூவர் இருபத்தைந்து வயதுக்குள் ஓய்வூதியமின்றி வீடு திரும்புவார்கள். இதைச் சொல்லாமல் மாலை மட்டும் போட்டு அனுப்புவது சரியல்ல.

அதனால் மகனிடம் சொன்னேன்: "தம்பி, நிரந்தரமாக்க வேண்டும் என்று உழை. ஆனால் திரும்பி வந்தாலும் நிற்க ஒரு காலை ஊன்றி வை. முதல் ஆண்டு மாதச் சம்பளம் 30,000 ரூபாய். அதில் 9,000 சேவா நிதிக்குப் போகும். அரசும் அதே அளவு போடும். முடிவில் வட்டி நீங்கலாக 10.04 லட்சம் கிடைக்கும். அது வண்டி வாங்கவோ, தங்கை கல்யாணத்துக்கோ அல்ல. வீட்டுக் கடனை நான் பார்த்துக்கொள்கிறேன். அந்தப் பணம் உன் அடுத்த படிப்புக்கும் தொழிலுக்கும்."

படிப்புக்கும் வழி உண்டு. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் அக்னிவீரர்களுக்கெனப் பட்டப்படிப்பு வைத்திருக்கிறது. பணியில் பெறும் பயிற்சிக்கே பாதி மதிப்பெண் புள்ளிகள் உண்டு. பத்தாம் வகுப்போடு சேருபவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியே பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கலாம்.

இன்னும் சில சொன்னேன். "நீச்சல் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல். சொன்னால் கற்றுத்தருவார்கள், மறைத்தால் உயிருக்கு ஆபத்து. இந்தி புரியாதபோது தலையாட்டாதே, மறுபடி கேள். கப்பலில் ஒருவன் தவறு எல்லோரையும் பாதிக்கும். கப்பல் எங்கே நிற்கிறது என்று எனக்கும் சொல்ல வேண்டாம். நலம் என்ற ஒரு சொல் போதும். மனம் சோர்ந்தால் மட்டும் மறைக்காதே. அப்பா இருக்கிறேன்."

நண்பர்களே, நமக்கும் வேலை இருக்கிறது. பிள்ளையின் பெயர், முன்னெழுத்து, பிறந்த தேதி எல்லாச் சான்றிதழ்களிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒன்பதாம் வகுப்பிலேயே பாருங்கள். +2வில் கணிதமும் இயற்பியலும் எடுத்தால் எந்தப் பிரிவுக்கு விண்ணப்பிக்கலாம் என்று சொல்லுங்கள். நான்காண்டுக் கணக்கைப் பெற்றோரையும் உட்காரவைத்து விளக்குங்கள்.

முக்கியமாக ஒன்று. திரும்பி வரும் பிள்ளையைப் பார்த்து, "அனுப்பிவிட்டார்களாமே" என்று ஊர் பேசும். நாம் அப்படிப் பேசக்கூடாது. நான்காண்டு ஒழுங்கும் உழைப்பும் கற்று வந்தவரை நம் வகுப்புக்கு அழைத்து மாணவர்களிடம் பேசச் சொல்வோம். போகும்போது கைதட்டிய நாம், வரும்போதும் கைகொடுக்க வேண்டும்.