அப்பீல் போட்ட வ.உ.சி.

(வள்ளியூர்ப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



எனக்கு முன்னால் பேசிய நண்பர், "வ.உ.சி. செக்கிழுத்தாரே, உனக்கு வந்ததெல்லாம் ஒரு கஷ்டமா?" என்று கேட்டார். எல்லோரும் கைதட்டினீர்கள். நான் தட்டவில்லை.

கோவைச் சிறையில் வ.உ.சி.க்கு முதலில் கிடைத்தது சணல் கிழிக்கும் எந்திரம். அதைச் சுற்றிச் சுற்றி உள்ளங்கைத் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. அதைப் பார்த்த பிறகு மாற்றிக் கொடுத்த வேலைதான் செக்கு. வெள்ளைக்காரன் காட்டிய இரக்கத்தின் லட்சணம் அது! சிறையில் இருந்தபடியேதான் ஜேம்ஸ் ஆலன் நூலை 'மனம்போல வாழ்வு' என்று தமிழாக்கினார். கண்ணூர்ச் சிறைக்குப் போனபின் 'மெய்யறிவு', 'மெய்யறம்' எழுதினார்.

தன்னம்பிக்கை வகுப்பு எடுக்கிறவர்கள் இதுவரைக்கும் அழகாகச் சொல்வார்கள். அதே மனுஷர் அப்பீல் போட்டார் என்பதை மட்டும் விட்டுவிடுவார்கள். 1908 ஜூலையில் நீதிபதி பின்ஹே விதித்தது இரட்டை ஆயுள், 40 ஆண்டு. உயர் நீதிமன்றத்துக்குப் போனார். அது 6 ஆண்டாகக் குறைந்தது. மனத்தைத் தேற்றிக்கொண்டு 40 ஆண்டையும் கழிப்போம் என்று அவர் சும்மா இருந்தாரா?

அவருக்குத் தெம்பு தனியாக ஊறிவிடவும் இல்லை. அவரைப் பிடித்துப் போட்டார்கள் என்றதும், 1908 மார்ச் 13-இல் திருநெல்வேலியில் கடைகளை அடைத்தார்கள். இந்துக் கல்லூரிப் பையன்கள் தெருவுக்கு வந்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் 4 பேர் செத்தார்கள். நம்ம சீமை ஜனங்கள், ஐயா!

பிறகு அதே நாடு என்ன செய்தது? 1912 டிசம்பரில் விடுதலையாகி வெளியே வந்தால், வரவேற்க விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர். அவர் ஓட்டிய கப்பல் இல்லை, வக்கீல் சன்னது இல்லை. சென்னையில் அரிசி, நெய் வியாபாரம் பார்த்தார். தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்கென்று திரட்டிய பணம் காந்தியிடம் இருந்தது. அதைக் கேட்டுக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். 1916-இல்தான் 347 ரூபாய் 12 அணா கைக்கு வந்தது. செக்கை விட எனக்கு இதுதான் உறுத்துகிறது. செக்கு அந்நியன் கொடுத்தது. இந்தக் காத்திருப்பு நாம் கொடுத்தது. சன்னதைத் திருப்பி வாங்க உதவியவரும் வாலேஸ் என்ற ஒரு வெள்ளைக்கார நீதிபதிதான். அந்த நன்றிக்காகத் தம் பிள்ளைக்கு வாலேசுவரன் என்று பேர் வைத்தார்.

ஆகவே, தைரியமாக இரு என்று ஒருவரிடம் சொல்லும்முன், நாம் அவருக்கு என்ன செய்தோம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். மடியில் தட்டை வைத்துக்கொண்டு பீடி சுற்றும் அக்காவைப் பாருங்கள். இடுப்பு கடுக்க இலை வெட்டி, தூள் போட்டு, சுருட்டி, நூல் கட்டிக் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். கடையில் ஒரு கை பீடியை அள்ளி, "இது ஆகாது" என்று கழித்துவிடுகிறார்கள். அவளுக்குப் பொறுமையைப் பற்றி வகுப்பு எடுக்க வருகிறவன் யார்? பொறுமையில் அவள் நமக்கெல்லாம் வாத்தியார்! அவளுக்கு வேண்டியது நியாயமான கூலியும், பி.எஃப். கணக்கும், கழித்த பீடிக்குக் காரணமும்.

இவற்றைக் கேட்டுத்தான் மேடைக்கு வலப்பக்கம் மேஜை போட்டு மனு வைத்திருக்கிறோம். தாய்மார்கள் முதலில் வாருங்கள். கையெழுத்துப் போடத் தெரியாவிட்டால் கைநாட்டு வையுங்கள், மைப்பெட்டியும் இருக்கிறது.