இருட்டில் நின்ற ரீச்சர்

(நூற்றாண்டு விழாவையொட்டிய பழைய மாணவியர் ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



சற்று முன்னர் இந்தத் திரையில் நீங்கள் பார்த்தது 1993ஆம் ஆண்டு நாங்கள் மேடையேற்றிய ‘சாவித்திரி’ நாடகத்தின் பதினொரு நிமிடம். மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணம். மேடையின் இரு புறமும் இரண்டு பெற்றோமக்ஸ். காற்றுக் குறைந்து ஒளி மங்கும்போதெல்லாம் ஒருவர் வந்து பம் அடித்துவிட்டுப் போவார். அந்த வெளிச்சத்தில் பற்றரியில் இயங்கிய ஒரு வீடியோ கமரா பிடித்த படம் அது.

அந்த வி.எச்.எஸ். கசற்றைப் பின்னர் யாரோ வெளிநாட்டில் வீடியோ சீடியாக மாற்றி, பிரதிகள் பல நாடுகளுக்கும் போய்விட்டன. ஒளிப்பதிவுத் தொகுப்பைத் தொழிலாகக் கொண்டவள் என்பதால், அந்தச் சீடியைத் துப்புரவாக்கித் தரும்படி சங்கம் என்னைக் கேட்டது. முகங்கள் தெரிந்தன. ஆனால் மேடையின் இருண்ட பகுதியெல்லாம் எறும்பு ஊர்வதுபோலப் புள்ளிகள். அவற்றின்மேல் சதுரம் சதுரமாகக் கட்டங்கள்.

இரண்டு இரவு இருந்து வேலை செய்தேன். புள்ளியும் இல்லை, கட்டமும் இல்லை. திரைச்சீலை பட்டுப்போல வழுவழுப்பாக வந்தது. பெருமையோடு எங்கள் வகுப்புக் குழுவுக்கு அனுப்பினேன். அன்றிரவே ஓர் அக்கா தொலைபேசியில் கூப்பிட்டா.

“தங்கச்சி, ரீச்சர் எங்கை? திரைக்குப் பக்கத்திலை கொப்பியோடை நிண்டவ. இப்ப காணேல்லை.”

பழைய சீடியைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். இடது ஓரத்தில், திரைக்குப் பின்னால், எங்களுக்கு வசனம் எடுத்துக் கொடுத்தபடி எங்கள் நாடக ஆசிரியை நின்றிருந்தா. கறுப்புக்குள் இன்னொரு கறுப்பாக. இன்று அவ எம்மோடு இல்லை. அவ அசைந்து பேசும் வேறு படம் எதுவும் எங்களிடம் இல்லை. இரைச்சல் என்று நினைத்து நான் அவவையும் சேர்த்துத் துடைத்துவிட்டேன்.

இது ஏன் நடந்தது என்பதைச் சொல்வதற்காகவே இன்று பேச வந்தேன். உங்கள் வீடுகளிலும் இப்படிப் படங்கள் இருக்கும்.

முதலில் புள்ளிகள். முற்றத்தில் மழை தூறத் தொடங்கும்போது கவனித்திருப்பீர்கள். ஒரு கல்லில் மூன்று துளி விழும்; பக்கத்துக் கல்லில் ஒன்றும் இராது. பெருமழையில் எல்லாக் கல்லும் ஒரேமாதிரி நனைந்துவிடும். கமராவுக்குள் ஒளியும் துகள்களாகவே வந்து விழுகிறது. ஓரிடத்தில் சராசரியாக 10,000 துகள் விழுந்தால் ஏற்ற இறக்கம் 100 அளவில் இருக்கும். அது நூற்றுக்கு ஒன்று. 100 துகள் மட்டும் விழுந்தால் ஏற்ற இறக்கம் 10. அது நூற்றுக்குப் பத்து. வெளிச்சம் குறையக் குறையப் புள்ளிகள் எடுப்பாகத் தெரிவது இதனால்தான். இருட்டில் கமரா தன் சமிக்ஞையைப் பெருக்கும்போது இரைச்சலும் சேர்ந்து பெருகும்.

அடுத்தது கட்டங்கள். இவை கசற்றில் இருந்தவை அல்ல, சீடியாக்கியபோது வந்தவை. வீடியோ சீடியில் ஒரு படம் 352க்கு 288 புள்ளிகள். அதனை நாங்கள் படித்த சதுரக்கோட்டுக் கொப்பிபோல, எட்டுக்கு எட்டுப் புள்ளி கொண்ட சதுரங்களாக வெட்டுவார்கள். ஒரு படத்துக்கு 1,584 சதுரம். விநாடிக்கு 25 படம். ஒவ்வொரு சதுரத்தையும் கணிதத்தால் சுருக்கி, கண்ணுக்கு அவசியமில்லை என்று கருதும் சிறு வேறுபாடுகளைத் தள்ளிவிடுவார்கள். அந்தக் கணிதத்தை 1974இல் வெளியிட்ட மூவரில் ஒருவரான நசீர் அகமது பெங்களூரில் பிறந்தவர். ஜேபெக் படங்களும் டிவிடியும் அதனை நம்பியே வந்தன.

வீடியோ சீடி படத்தைச் சுமார் இருபத்தாறில் ஒரு பங்காகச் சுருக்குகிறது. எழுந்தமானமான புள்ளிகளைச் சுருக்குவது மிகக் கடினம். கிடைத்த இடத்தையெல்லாம் அவை தின்றுவிடும். மிஞ்சிய இடத்தில், கறுப்புத் திரைக்கும் கருநீலச் சேலைக்கும் உள்ள சிறு வேறுபாடு அவசியமில்லாதது என்று தள்ளப்படும். அடுத்தடுத்த சதுரங்கள் ஒவ்வொன்றும் தன்பாட்டில் ஒரு கறுப்பாகிவிட, இடையில் கோடு தெரியும். இருளில் அந்தக் கோட்டை மறைக்க வேறு விவரம் ஏதும் இல்லை.

நான் விட்ட பிழைகள் இரண்டு. முதலில் படத்தை வெளிச்சமாக்கினேன். புள்ளியும் கட்டமும் அதனோடு பெருத்தன. பிறகு அவற்றை அடக்க வடிகட்டியின் பலத்தைக் கூட்டினேன்.

சரியான ஒழுங்கு இதுதான். முதலில் சதுரங்களின் விளிம்பை மட்டும் மெல்லத் தேய்க்க வேண்டும். அடுத்துப் புள்ளிகளைக் குறைக்க, ஒரே படத்துக்குள் மழுப்பாமல், அடுத்தடுத்த படங்களை ஒப்பிட்டுச் சராசரி எடுக்க வேண்டும். நான்கு படங்களைச் சேர்த்தால் இரைச்சல் பாதியாகும். பதினாறைச் சேர்த்தால் காற்பங்காகும். ஆனால் பதினாறு படம் என்பது அரை விநாடிக்கும் மேல். அதற்குள் ஆள் அசைந்தால் ஆவிபோல இழுபடும். ஆகவே அசையும் இடத்தில் குறைவாகவும் அசையாத இடத்தில் கூடுதலாகவும் செய்ய வேண்டும். அதன் பின்னரே வெளிச்சத்தைச் சற்று உயர்த்தலாம்.

கடைசியில் மிக மெல்லிய மணற்புள்ளியைத் திரும்பத் தூவ வேண்டும். கேட்க வேடிக்கையாக இருக்கும். சாதாரண வீடியோவில் கறுப்பிலிருந்து வெள்ளைவரை 256 படிகளே உண்டு. இருளுக்குக் கிடைப்பவை சில. வழுவழுப்பாக்கினால் அந்தப் படிகள் பட்டை பட்டையாகத் தெரியும். மணற்புள்ளி அதை மறைக்கும். 1,024 படிகள் கொண்ட 10 பிட் முறையில் சேமித்தால் இன்னும் நல்லது. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் விளிம்பு தேய்த்தல், இரைச்சல் குறைத்தல், 10 பிட் மூன்றும் உண்டு. இரைச்சல் குறைப்பை மிகக் குறைந்த அளவில் தொடங்குங்கள். ஒவ்வொரு முறையும் பழைய படத்தைப் பக்கத்தில் வைத்து, இருண்ட மூலைகளைப் பாருங்கள்.

இவ்வளவு செய்தும் சீடியிலிருந்து ரீச்சரின் நிழல்தான் மீண்டது. சுருக்கும்போது எறிந்துவிட்டதை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. முகம் ஒன்றைக் கற்பனையாக வரைந்து தரும் மென்பொருள்கள் உண்டு, ஆனால் அது எங்கள் ரீச்சரின் முகமாக இராது.

நான் கைவிட்டிருந்த நேரத்தில் அதே அக்கா மீண்டும் கூப்பிட்டா. மூலக் கசற் அவவின் அம்மாவின் அலுமாரியில், சேலைகளுக்கு அடியில் இருந்ததாம். 1995 இடப்பெயர்வில் உடுபுடவையோடு பொதிசெய்து கொண்டுபோனது. நாடாவில் பூஞ்சணம் பிடித்திருந்தது. அனுபவமுள்ள ஒருவரைக் கொண்டு துப்புரவாக்கி, சுருக்காமல் கணினியில் பதிந்தேன். அதில் இரைச்சல் நிறைய இருந்தது. கட்டம் ஒன்றும் இல்லை. நீங்கள் இன்று பார்த்தது அதைத்தான். புள்ளிகள் சில இன்னும் உண்டு. வேண்டுமென்றே விட்டேன். ரீச்சரின் கையிலிருக்கும் கொப்பி தெரிகிறது. சாவித்திரி வசனத்தை மறந்து நிற்கும் இடத்தில் ரீச்சரின் உதடு அசைவதும் தெரிகிறது. சாவித்திரியாக நின்றது நான்தான்.

சகோதரிகளே, உங்களிடம் மூன்று வேண்டுகோள். வீட்டு அலுமாரிகளைத் தேடிப் பாருங்கள். பூஞ்சணம் பிடித்த கசற்றைப் போட்டுப் பார்க்காதீர்கள். நாடாவும் கெடும், கருவியும் கெடும். பிரதி எடுத்தாயிற்று என்று மூலத்தை எறியாதீர்கள். சங்கத்துக்கு அனுப்பும்போது வட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம். அது இன்னொரு முறை சுருக்கிவிடும். பென்ட்ரைவில் போட்டு, யார் யார் நிற்கிறார்கள் என்று எழுதி, வருபவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் படத்தின் இருண்ட மூலையிலும் யாராவது ஒரு ரீச்சர் நிற்கக்கூடும்.