வேலி போடும் முன் ஒரு தாள் எழுதுவோம்

(நமது டிரஸ்டின் மஹல்லா குடும்பக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



கல்வி உதவி, மருத்துவ உதவி, திருமண உதவி என்றுதான் இந்த மேடையில் வழக்கமாகப் பேசுவோம். இன்று வீட்டுக்கு வேலி போடுவதைப் பற்றிப் பேசப் போகிறோம். இதற்கு ஏன் ஒரு கூட்டம் என்று சிலர் நினைக்கலாம். ஆனால் டிரஸ்டுக்குப் பஞ்சாயத்தாக வரும் விஷயங்களில் வேலிச் சண்டையும் ஒன்று. அப்படி வந்த ஒன்றில் எங்கள் பக்கமும் தவறு இருந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

ஒரு சகோதரி அலுவலகத்துக்கு வந்தார். கணவர் சஃபரில் இருக்கிறார். வீட்டில் வயதான மாமியாரும் இரண்டு பெண் பிள்ளைகளும். பழைய வேலிக்காத்தானை வெட்டிய பிறகு ஆடும் நாயும் முற்றம் வரை வருகின்றன. ராத்திரி கொல்லைப்பக்கம் போகவே பயமாக இருக்கிறது என்றார். "கம்பி வேலி போட ஒரு நல்ல ஆளாச் சொல்லுங்க காக்கா" என்று கேட்டார். நமக்குத் தெரிந்த ஒருவரின் போன் நம்பரை எழுதிக் கொடுத்தோம். நம்ம ஆள்தானே, நன்றாகச் செய்வார் என்றோம். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சகோதரி பாதிக்கும் மேல் அட்வான்ஸ் கொடுத்தார். ரசீது இல்லை. இரண்டே நாளில் தூண்கள் ஊன்றிவிட்டார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர் அப்போது சென்னையில் மகன் வீட்டில் இருந்தார். திரும்பி வந்து பார்த்தால் கிழக்குப் பக்கத் தூண்கள் தன் இடத்துக்குள் நிற்பதாகத் தெரிந்தது. காண்ட்ராக்டரைக் கேட்டால், "லாத்தா காட்டுன இடத்துலதான் ஊன்றினேன்" என்றார். சகோதரியைக் கேட்டால், "பழைய வேலி இருந்த இடத்தைத்தானே காட்டினேன்" என்றார். இருவரும் பொய் சொல்லவில்லை. முள்வேலி வருடா வருடம் படர்ந்து தள்ளிக்கொண்டே போகும். அதன் வேரை எல்லையாக வைத்தால் எல்லையும் அதோடு தள்ளிப் போய்விடும்.

சர்வேயர் வந்து அளந்தபோது ஒரு முனையில் 14 அங்குலம் உள்ளே போயிருந்தது தெரிந்தது. அந்த வரிசைத் தூண்களை எல்லாம் பிடுங்கி மறுபடி ஊன்ற வேண்டியதாயிற்று. செலவு யாருடையது? எழுத்தில் ஒன்றுமே இல்லை. மூன்று முறை உட்கார்ந்து பேசினோம். கடைசியில் உடைந்த தூண்களுக்குச் சகோதரி கொடுத்தார். கூலியைக் காண்ட்ராக்டர் ஏற்றார். சிமெண்ட், ஜல்லிச் செலவை நிர்வாகிகளான நாங்கள் எங்கள் கையிலிருந்து போட்டோம். டிரஸ்ட் பணத்தைத் தொடவில்லை. அது ஏழைகளின் அமானிதம். எங்கள் கவனக்குறைவுக்கு அதிலிருந்து கொடுக்க எங்களுக்கு ஹக் இல்லை.

பணம் அதோடு தீர்ந்தது. ஆனால் நோன்புக் கஞ்சியும் பெருநாள் பலகாரமும் போய்வந்த இரண்டு வீடுகள் பல மாதம் முகம் பார்க்கவில்லை. இப்போது சலாம் சொல்லிக்கொள்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். பழைய நெருக்கம் இன்னும் வரவில்லை.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனம் என்பது நம் மதரஸாப் பிள்ளைகளுக்கும் தெரியும். தவணை வைத்துச் செய்யும் கடனை எழுதிக்கொள்வதும் சாட்சி வைப்பதும்தான் அதில் பேசப்படுகிறது. ஆனால் நம்மிடையே ஒருவரிடம் எழுதிக் கேட்டால், "என்ன, நம்பிக்கை இல்லையா?" என்று முகம் சுருங்குகிறது. நம்பிக்கை கெடாமல் இருப்பதற்காகத்தான் எழுதுகிறோம். இந்த ஒன்றை இன்று எல்லோரும் மனதில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும்.

இனி, செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறோம்.

முதலில் எல்லை. பத்திரம், பட்டா, புலப்படம் மூன்றையும் எடுத்து வையுங்கள். பத்திரத்தில் சென்ட் கணக்கும் பட்டாவில் ஏர் கணக்கும் இருக்கும். ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர், ஏறத்தாழ 2.47 சென்ட். எல்லைக்கல் தெரியவில்லை என்றாலோ சிறிது சந்தேகம் இருந்தாலோ, கட்டணம் கட்டி அரசு சர்வேயரைக் கொண்டு அளக்க மனுப் போடுங்கள். காண்ட்ராக்டர் டேப் பிடித்து அளப்பது எல்லை அளவு ஆகாது. சர்வே கல்லை யாரும் பிடுங்கவோ நகர்த்தவோ கூடாது. அது சட்டப்படி குற்றம். ஒரு சாண் நிலமானாலும் அநியாயமாக எடுப்பவருக்கு நபிகளார் (ஸல்) செய்த எச்சரிக்கையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். தெரியாமல் எடுத்தோம் என்று சொல்லும் நிலைமையும் நமக்கு வேண்டாம்.

இரண்டாவது, பக்கத்து வீட்டார். குழி தோண்டும் முன் அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள். அளக்கும் நாளில் அவர்களும் நிற்கட்டும். அவர்கள் ஊரில் இல்லையென்றால் போனில் பேசி, அவர்கள் சார்பில் ஒருவரை வரச் சொல்லுங்கள். மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, வேலி அதை மறிக்குமா, கேட் வெளிப்பக்கம் திறந்தால் நடைபாதையை அடைக்குமா என்பதை அப்போதே பேசிவிடலாம்.

மூன்றாவது, விலை. குறைந்தது இரண்டு பேரிடம் எஸ்டிமேட் வாங்குங்கள். இருவருக்கும் ஒரே கணக்கைச் சொல்லுங்கள். இல்லையென்றால் குறைந்த விலை எது என்றே தெரியாது. ஓர் உதாரணம்: 33க்கு 66 அடி மனை சரியாக 5 சென்ட். சுற்றளவு 198 அடி. கேட்டுக்கு 10 அடி போனால் வேலி 188 அடி. 8 அடிக்கு ஒரு தூண் என்றால் 25க்கு மேல் தூண் வேண்டும். 10 அடிக்கு ஒன்று என்றால் 20, 22ல் முடிந்துவிடும். ஒருவர் விலை குறைத்துச் சொல்வதற்குக் காரணம் இந்த ஐந்தாறு தூண்களாக இருக்கலாம்.

கம்பியிலும் இதே கதைதான். கேஜ் எண் கூடினால் கம்பி மெலியும். 10 கேஜ் ஏறத்தாழ 3.25 மில்லிமீட்டர், 12 கேஜ் 2.6, 14 கேஜ் 2 மில்லிமீட்டர். "14 கேஜ் போட்டுத் தர்றேன்" என்பதைப் பெரிதாக நினைத்து ஏமாறாதீர்கள். நம் ஊர் உப்புக்காற்றில் மெல்லிய கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். துத்தநாகப் பூச்சு நன்றாக உள்ள கம்பியா, அதன்மேல் பிளாஸ்டிக் உறை உண்டா என்று கேளுங்கள். அவர் ஐந்தாறு வருடத்துக்கு முன் போட்ட வேலி ஒன்றை நேரில் போய்ப் பாருங்கள். புதிதாகப் போட்டது எல்லாமே பளபளப்பாகத்தான் இருக்கும்.

நான்காவது, தாள். ஒரு பக்கம் போதும். மொத்த நீளம், வேலியின் உயரம், தூண் கல்லா சிமெண்டா, எத்தனை அடிக்கு ஒன்று, எவ்வளவு ஆழம், குழியில் கான்கிரீட் உண்டா, கம்பியின் கேஜ், கண் அளவு, மூலைத் தூண்களுக்கு முட்டு, கேட்டின் அகலம், பழைய வேலியை அகற்றுவது யார், பொருள் யார் வாங்குவது, எந்தத் தேதியில் முடியும், மொத்தத் தொகை எவ்வளவு. எல்லைக் கோட்டை வரைந்து இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு சாட்சிகளும் வேண்டும். வேலைக்காரர்கள் குழி தோண்டும்போது தண்ணீர்க் குழாய் உடைந்தால் யார் சரிசெய்வது என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.

ஐந்தாவது, பணம். அட்வான்ஸ் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். தூண்கள் நின்ற பிறகு ஒரு பங்கு. கம்பி கட்டி, கேட் மாட்டிய பிறகு மீதி. அதிலும் பத்தில் ஒரு பங்கை ஒரு மாதம் கழித்துத் தருவதாக முதலிலேயே எழுதிக்கொள்ளலாம். பேங்க் வழியாகவோ போன் மூலமாகவோ அனுப்பினால் பதிவு இருக்கும். ரொக்கமாகக் கொடுத்தால் ரசீது வாங்குங்கள். ஆனால் ஒன்று: தவணை நாள் வந்துவிட்டால் இழுத்தடிக்கக் கூடாது. அவர் பின்னால் கூலியாட்கள் இருக்கிறார்கள். "சபுராளி பணம் அனுப்பட்டும், பார்க்கலாம்" என்று அவர்களை அலைய விடுவது நமக்குப் பரக்கத்தைத் தராது.

ஆறாவது, வேலை நடக்கும்போது பார்ப்பது. 7 அடித் தூண் என்றால் 2 அடி மண்ணுக்குள் போக வேண்டும். மணல் பாங்கான இடமென்றால் இன்னும் கொஞ்சம் ஆழம் நல்லது. கான்கிரீட் போட்ட மறுநாளே கம்பியை இழுத்துக் கட்டினால் தூண் சாயும். ஒரு வாரம் தண்ணீர் ஊற்றி இறுக விட வேண்டும். முடிந்ததும் ஒவ்வொரு தூணையும் கையால் அசைத்துப் பாருங்கள். இதற்கு இன்ஜினியர் வேண்டியதில்லை.

இத்தனைக்குப் பிறகும் தகராறு வந்தால் முதலில் இருவரும் உட்கார்ந்து பேசுங்கள், டிரஸ்டுக்கும் வாருங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் புகார் செய்யலாம். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச சட்ட உதவி உண்டு. எங்கே போனாலும் முதலில் கேட்பது, "எழுத்தில் என்ன இருக்கிறது?" என்பதுதான்.

எங்கள் பங்குக்கு மூன்று முடிவு எடுத்திருக்கிறோம். இனி யாருக்கும் ஒரே ஒருவரின் பெயரைச் சொல்ல மாட்டோம். மூன்று பேரைச் சொல்வோம், அவர்கள் வேலை செய்த வீடுகளையும் சொல்வோம், தேர்வு உங்களுடையது. ஒப்பந்தத் தாளை அச்சிட்டு அலுவலகத்தில் வைத்திருக்கிறோம், இலவசம். ஆண் துணை இல்லாத வீடுகளில் எல்லை அளக்கும் நாளிலும் கையெழுத்துப் போடும் நாளிலும் கூட நிற்க, பெரியவர்கள் இருவர் முன்வந்திருக்கிறார்கள். கூச்சப்படாமல் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. அந்தக் காண்ட்ராக்டர் போன வாரம் அலுவலகத்துக்கு வந்தார். வேறு ஒரு வீட்டு வேலைக்காக நம் தாளில் பத்துப் பிரதி கேட்டார். "அன்னைக்கே இது இருந்திருந்தா எனக்கும் நஷ்டம் இல்லை, அந்த வீட்டுக்கும் மனக்கஷ்டம் இல்லை காக்கா" என்றார். எண்ணிக் கொடுத்தோம்.

நம் வீடுகளுக்கும் நம் அண்டை வீடுகளுக்கும் இடையில் வேலி மட்டும் நிற்கட்டும், மனக்கசப்பு நிற்க வேண்டாம். அதற்கு அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள் புரிவானாக, ஆமீன். வஸ்ஸலாம்.