மூக்கடைப்பு: எல்லாம் ஒவ்வாமையா?



தும்மினாலும் 'அலர்ஜி', மூக்கு ஒழுகினாலும் 'அலர்ஜி' என்று சொல்வது இந்நாளில் பெருவழக்காகிவிட்டது. ஒவ்வாமை என்பது உண்மையான நோயே. அதனை நான் மறுக்கவில்லை. பூந்தாதையோ வீட்டுத் தூசியையோ உடலின் காப்புப்படை பகையென்று பிழையாகக் கருதிப் போர் தொடுப்பதே ஒவ்வாமை. அப்போது மூக்கும் கண்ணும் அண்ணமும் அரிக்கும். தும்மல் அடுக்கடுக்காக வரும். ஆனால் அத்தகைய அரிப்பு ஏதுமின்றி மூக்கு ஒழுகுவதற்கும் அடைப்பதற்கும் வேறு காரணங்கள் பல உள்ளன. அவற்றைக் குறித்தே இன்று பேச விழைகிறேன்.

முதற்கண் மூக்கின் அமைப்பைச் சற்றே அறிதல் வேண்டும். மூக்கு வெறுந்துளை அன்று. அதனுள்ளே பக்கத்துக்கு மூன்றாகச் சுருண்ட எலும்புத் தட்டுகள் உள்ளன. அவற்றைப் போர்த்தியுள்ள மென்சவ்வின் கீழ்க் குருதிக் குழாய்கள் நெருங்கிப் பின்னிக் கிடக்கின்றன. நாம் இழுக்கும் காற்று இத்தட்டுகளை உரசிச் செல்கையில் வெதுவெதுப்பும் ஈரமும் பெறுகிறது. தூசியைக் கோழை பற்றிக்கொள்கிறது. அக்கோழையைக் கண்ணுக்குப் புலனாகாத நுண்மயிர்கள் இடையறாது அசைந்து தொண்டைப் பக்கம் தள்ளிவிடுகின்றன. குருதிக் குழாய்கள் நிரம்பினால் தட்டுகள் வீங்கும். காற்றின் வழி குறுகும். எத்தனை முறை சிந்தினாலும் ஒன்றும் வெளிவராமல், அடைப்பு மட்டும் அப்படியே இருப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அங்கே தடையாக நிற்பது சளியன்று, வீக்கமே.

நலமாக உள்ளவர்க்கும் இரு துளைகளும் ஒரே அளவில் திறந்திருப்பதில்லை. சில மணி நேரம் ஒரு பக்கம் தாராளமாகவும் மறுபக்கம் ஒடுங்கியும் இருக்கும்; பின்னர் முறை மாறும். 1895-ஆம் ஆண்டில் கைசர் என்னும் ஜெர்மானிய மருத்துவர் இதனை விளக்கி எழுதினார். 'சரம் பார்த்தல்' என்ற பெயரால் நம் நாட்டாரும் இவ்வியல்பை நெடுங்காலமாகக் கவனித்து வந்துள்ளனர். அதிலிருந்து அவர்கள் கணித்த பலாபலன்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. கவனிப்பு மட்டும் மெய்யானது.

இனி நோய்களுக்கு வருவோம். எல்லாரும் அறிந்தது ஜலதோஷம். தென்பாண்டி நாட்டில் தடுமன் என்பர். நீர்க்கோவை என்பாரும் உளர். பெயரில் நீர் இருப்பினும் குற்றம் நீருடையதன்று. வைரஸ் என்னும் நுண்கிருமியே காரணம். அவற்றுள் ரைனோ வைரஸ் என்னும் இனத்தில் மட்டும் 160-க்கு மேற்பட்ட வகைகள் உள. ஒன்றை உடல் வென்றாலும் அடுத்தது வந்துவிடுகிறது. மூக்கைத் துடைத்த கை கதவைத் தொடுகிறது. அக்கதவைத் தொட்ட கை மற்றொருவரின் மூக்குக்கோ கண்ணுக்கோ போகிறது. சோப்பிட்டுக் கை கழுவுவது இதனாலேயே பயன் தருகிறது. சளி பச்சையாக மாறியதும் ஆண்டிபயாட்டிக் மாத்திரை கேட்டு மருந்துக் கடைக்கு ஓடுவோர் பலர். கிருமியை எதிர்க்க வந்த வெள்ளணுக்களில் உள்ள ஒரு பொருளே அப்பச்சை நிறத்தைத் தருகிறது. அம்மாத்திரைக்கு வைரஸைக் கொல்லும் ஆற்றல் இல்லை. பெரும்பாலும் ஏழு முதல் பத்து நாட்களில் ஜலதோஷம் தானே நீங்கும்.

கிருமியும் ஒவ்வாமையும் இன்றியே மூக்கு ஒழுகுவதும் உண்டு. சிலருடைய மூக்கின் நரம்புகள் எளிதில் கிளர்ச்சியுறுவன. விறகுப் புகை, சாம்பிராணிப் புகை, கொசுவத்தி, வாசனைத் தைலம், விடியற்காலைக் குளிர்காற்று, குளிரூட்டிய அறையிலிருந்து வெயிலுக்கு வருதல் ஆகிய எதுவும் அவர்களுக்குப் போதும். கரும்பலகையைத் துடைக்கும்போது எழும் சுண்ணக்கட்டித் தூளால் நாள்தோறும் மூக்கைத் துடைத்துக்கொண்டே பாடம் நடத்திய ஆசிரியர்கள் சிலரை நான் அறிவேன். மிளகு ரசம் குடித்தால் மூக்கில் நீர் வடிவதும் இவ்வகையினதே. மிளகாயின் காரம் நரம்பு நுனியில் உள்ள ஒரு நுண்வாயிலைத் திறக்கிறது. சுடுவெப்பத்தை உணர்த்துவதும் அதே வாயில்தான். 1997-இல் அதனைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021-ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார். நம் வீட்டு ரசத்துக்கும் நோபல் பரிசுக்கும் இப்படி ஓர் உறவு!

அடுத்து வருவது நாமே தேடிக்கொள்ளும் அடைப்பு. தேர்வுக் காலத்தில் உங்களுள் சிலரைப் பிடிப்பது. படிக்க உட்காரும்போது மூக்கு அடைத்திருக்கிறது. கடையில் சொட்டு மருந்து வாங்கி இரு துளி விட்டால் சில நிமிடங்களில் வழி திறந்துவிடுகிறது. சைலோமெட்டசோலின், ஆக்சிமெட்டசோலின் போன்ற இம்மருந்துகள் வீங்கிய குருதிக் குழாய்களைச் சுருங்கச் செய்கின்றன. மூன்று நாள் வரை கேடில்லை. அதற்கு மேலும் நாட்கள் நீண்டால், மருந்தின் வலிமை தணிந்ததும் குழாய்கள் முன்னிலும் மிகுதியாக வீங்கத் தொடங்கும். மீண்டும் துளி, மீண்டும் வீக்கம். சட்டைப்பையில் குப்பியின்றி வெளியே செல்ல இயலாதவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு மூல நோய் என்றோ நீங்கிவிட்டது. இப்போது உள்ளது மருந்து தந்த நோய். மருத்துவரின் துணையுடன் அதனை நிறுத்தினால் பெரும்பாலும் சில வாரங்களில் மூக்கு தன் நிலைக்குத் திரும்பும்.

மூக்கின் நடுத்தண்டு வளைந்திருத்தல், உள்ளே சதை வளர்தல் ஆகியவற்றாலும் அடைப்பு வரும். சிறுவர்களுக்கு மூக்கின் பின்புறத்தில் உள்ள அடினாய்டு என்னும் சதை பெருத்துவிடுவதுண்டு. நான் பணியாற்றிய பள்ளியொன்றில் மூன்றாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் எப்போதும் வாயைத் திறந்தபடியே இருப்பான். மந்தன் என்று வகுப்பாசிரியர் முடிவு கட்டிவிட்டார். ஒருநாள் அவனுக்குப் பின்னால் நின்று மெல்ல அவன் பெயரைச் சொன்னேன், திரும்பவில்லை. முன்னால் வந்து அழைத்ததும் துள்ளி எழுந்தான். பெற்றோரை வரவழைத்து அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன். அடினாய்டு செவியின் குழலை அடைத்து, நடுச்செவியில் நீர் தேங்கியிருந்தது. அறுவைக்குப் பின் அவன் இரவில் வாய் மூடி உறங்கினான். வகுப்பில் கேள்விக்கு விடை சொன்னான். கேளாத செவிக்கு மந்தம் என்று பெயர் வைத்திருந்தார்கள்! உங்கள் வீட்டில் வாயால் மூச்சு விட்டுக் குறட்டையுடன் உறங்கும் தம்பி தங்கையர் இருப்பின் பெற்றோரிடம் சொல்லுங்கள்.

என்னைப் போல் அறுபதைக் கடந்தவர்க்கு உண்ணும்போது மூக்கு சொட்டுவது முதுமையின் இயல்பு. கருவுற்ற பெண்டிர்க்கும், குருதி அழுத்த மருந்துகள் சிலவற்றை உட்கொள்வோர்க்கும் அடைப்பு ஏற்படலாம்.

உப்புநீரால் மூக்கைக் கழுவுவது பலருக்கு இதம் தரும். அந்நீர் கொதிக்க வைத்து ஆறியதாக இருத்தல் வேண்டும்; காய்ச்சாத நீரில் வாழும் ஒருவகை அமீபா மூக்கின் வழியே மூளையை எட்டி உயிரைப் பறித்ததுண்டு. குழந்தையின் ஒரு துளையில் மட்டும் நாற்றமுள்ள சளி வடிந்தால், உள்ளே புளியங்கொட்டையோ மணியோ சிக்கியிருக்கலாம். நீங்களே குத்தி எடுக்க முயல வேண்டா. தலையில் அடிபட்ட பின் ஒரு துளையிலிருந்து தெளிந்த நீர் சொட்டினால், அது மூளையைச் சூழ்ந்துள்ள நீராகவும் இருக்கலாம். காலம் தாழ்த்தாது அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.