ஜாஸ் வண்டிகளை இழுத்த சிறு இயந்திரங்கள்

இலண்டன் மாநகரின் லிவர்பூல் வீதி நிலையத்தை அமைப்பதற்காக ஏழை மக்களின் வீடுகள் பல இடிக்கப்பட்டன. அதற்கு ஈடாக, 1864ஆம் ஆண்டுச் சட்டமொன்று, எட்மண்டன், வால்தம்ஸ்ரோ ஆகிய புறநகர்களிலிருந்து தொழிலாளரை அதிகாலை வண்டிகளில் இரண்டு பென்சுக்கு ஏற்றிவந்து திரும்பவும் கொண்டுசெல்லுமாறு கிரேட் ஈஸ்ரேண் புகையிரதக் கம்பனியைக் கட்டுப்படுத்தியது. மலிவான கட்டணம் புறநகர்களை நிரப்பிற்று. புறநகர்கள் வண்டிகளை நிரப்பின.

மின்சாரப் பாதையொன்று போட்டிக்கு வரவிருந்த வேளையில், 1902இல், பத்து இணைசக்கரங்கள் கொண்ட இராட்சத இயந்திரமொன்றைக் கம்பனி கட்டியது. நின்ற நிலையிலிருந்து 30 விநாடிகளில் மணிக்கு 30 மைல் வேகத்தை எட்டுவதே அதன் நோக்கம். போட்டித் திட்டம் நிறைவேறவில்லை. ஆனால் இராட்சதனின் பாரத்தைத் தாங்கப் பாலங்களுக்கு வலுவில்லை. அது பயணிகள் சேவைக்கு வரவேயில்லை.

பின்னர் விடை வேறிடத்திற் கிடைத்தது. 1920 யூலையில், பொது முகாமையாளர் ஹென்றி தோர்ண்டன் காலத்தில், எவ்.வி. றசல் வகுத்த திட்டம் நடைமுறைக்கு வந்தது. நெருக்கடி வேளையில் ஒரே தண்டவாளத்தில் மணிக்கு 24 வண்டிகள்! வண்டி மேடையை அடைந்ததும், அதைக் கொண்டுவந்த இயந்திரம் முட்டுத்தாங்கியருகே சிறைப்பட்டு நிற்கும். அருகிலுள்ள குறும்பாதையிற் காத்திருந்த வேறோர் இயந்திரம் மறுமுனையிற் பூட்டப்படும். நான்கே நிமிடங்களில் வண்டி புறப்படும். விடுபட்ட இயந்திரம் குறும்பாதைக்குச் சென்று அடுத்த வண்டிக்காக நிற்கும். வகுப்பை விரைவில் அறிவதற்காக முதலாம் வகுப்புப் பெட்டிகளுக்கு மஞ்சட் கோடும் இரண்டாம் வகுப்புக்கு நீலக் கோடும் தீட்டினர். அந்த வண்ணக் கோலத்தைக் கண்டே மக்கள் இதை 'ஜாஸ்' சேவை என அழைத்தனர் என்பர்.

தொடக்கத்தில் இவ்வேலையின் பெரும்பகுதியைப் பழைய ஆறுசக்கர இயந்திரங்களே செய்தன. அவற்றிலும் வலியது ஏ.ஜே. ஹில் அமைத்த 'என் 7' வகுப்பு. ஆறு இணைசக்கரங்கள், பின்னே இரு தாங்குசக்கரங்கள். பக்கத் தொட்டிகளில் நீர், பின்புறத்தில் நிலக்கரி. தனி நிலக்கரி வண்டி இல்லாமையால் இருதிசையிலும் ஓடும், திருப்புமேடை வேண்டியதில்லை. விரைவில் இறுகி விரைவில் விடும் வெஸ்ரிங்ஹவுஸ் காற்றுத்தடையும் உண்டு. அடுத்தடுத்த நிலையங்களில் நிற்கும் வண்டிக்கு அத்தடை இயந்திரத்தின் வலிமைக்கு ஈடான சொத்து.

முதலிரண்டும் முதலாம் உலகப்போரின் தொடக்கத்திற் கட்டப்பட்டன. போரினால் மற்றவை தாமதித்தன. 1923இல் கம்பனி வேறு கம்பனிகளுடன் இணைந்த பின்னரும் கட்டுமானம் தொடர்ந்து, தொகை 134 ஆயிற்று. நிலையத்தை விட்டதும் எதிர்ப்படும் பெத்னல் கிறீன் ஏற்றத்தில், நிறைந்த வண்டியுடன், கரிபோடுவோன் பட்ட பாடு எந்த நேரசூசியிலும் பதியப்படவில்லை.

மின்சாரம் என்பீல்ட், சிங்போட் பாதைகளுக்கு வந்தது 1960 நவம்பரில். 1962க்குள் இவ்வகுப்பு முழுதும் சேவையிலிருந்து நீங்கியது. 1924இல் ஸ்திராற்போட் தொழிற்சாலை கட்டிய கடைசி இயந்திரம் மட்டும் பாதுகாக்கப்பட்டு எஞ்சியுள்ளது.